விளங்காப்பெட்டி

ஒன்றாம் நம்பர் பஸ் ஸ்ரீரங்கத்தில் கிளம்பி அம்மாமண்டபம் வருவதற்குள் ஆம்பல் மடியில் தூங்கிப்போனாள். பகல் பத்தரை மணிக்குத் தூங்குகிற வழக்கம் அவளுக்கு இல்லை. பஸ் என்றால் மட்டும் அப்படித்தான், சக்கரம் உருண்டால் கண் சொருகிவிடும். மங்கையர்க்கரசி இடது கையைக் குழந்தையின் கழுத்துக்கு அண்டக்கொடுத்து, வலது கையால் கைப்பையைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் பாட்டில், துண்டு, மாற்றுச் சட்டை, ரப்பர் பேண்ட் போட்ட அட்டைக்கட்டு, நாலாக மடித்த படிவம். எல்லாம் இருந்தது. இருக்கிறது என்று தெரிந்தே மூன்றாவது தடவையாகப் பார்க்கிறாள். படிவத்தில் பெயர், வயது, முகவரி எல்லாம் நேற்றே எழுதியாகிவிட்டது. இரண்டு இடம் மட்டும் காலி. குழந்தை பேசும் சொற்களின் எண்ணிக்கை. அதற்குக் கீழே, குழந்தை தாயை அழைக்கிறதா, ஆம் அல்லது இல்லை. மூன்று மாதத்துக்கு முன் இதே படிவத்தில் பதினொன்று என்றும் இல்லை என்றும் எழுதிக் கொடுத்தாள். காது நன்றாகத்தான் கேட்கிறது என்று அதற்கு முன்பே பார்த்தாகிவிட்டது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஷர்மிளா பானு தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “மூணு வயசு ஆகப்போகுது, ரொம்பக் கம்மி மேடம். மூணு மாசம் பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதணும்” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், சிரித்துக்கொண்டுகூடச் சொன்னாள். அந்தச் சிரிப்புதான் மூன்று மாதமாகக் கூடவே வந்துகொண்டிருக்கிறது. அன்றைக்கு ஷர்மிளா பானுவின் விரல் எண்ணிக்கையில் நிற்கவில்லை, கீழே இருந்த ‘இல்லை’யில் நின்றது. மூன்று வயதுக் குழந்தை பெற்றவளை ஒரு தடவைகூட அம்மா என்று கூப்பிட்டதில்லை. மங்கைக்கு அது எண்ணிக்கை சமாச்சாரமாகப் படவில்லை. தன்னை இந்தக் குழந்தைக்கு யாரென்று தெரியுமா என்கிற கேள்வியாகத்தான் பட்டது. இந்தக் கேள்வியை அவள் யாரிடமும் வாய்விட்டுக் கேட்டதில்லை, கணவனிடம்கூட.

கண்டக்டர் அம்மாமண்டபம், அம்மாமண்டபம் என்று படியில் நின்று கத்தினான். இந்த ஊரில் அந்தச் சொல்லிலிருந்து தப்பிக்கவே முடியாது. இறங்கும்மா, உள்ள போம்மா, சில்லறை வச்சிக்கம்மா. காய்கறிக்காரியை அம்மா என்கிறோம், கோயிலுக்குள் இருப்பவளை அம்மா என்கிறோம், கால் இடறினால் கல்லைப் பார்த்து அம்மா என்கிறோம், பிச்சை கேட்கிறவரும் அம்மா என்றுதான் வாசலில் நிற்கிறார். பெற்றவளுக்கென்று இருந்த சொல் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வீட்டுக்கு வருவதற்கு மறந்துபோன மாதிரி இருந்தது. மங்கை தலையை உதறிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னல், கப்பலேறி வந்த சொல், போர்த்துகீசியர்கள் விட்டுப்போனது, சாவியையும் அலமாரியையும் விட்டுப்போன மாதிரி. அதற்கு முன் காலதர் என்று ஒன்று இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வருகிற வழி. இப்போதும் காற்று வந்துகொண்டுதான் இருக்கிறது, சொல்தான் போய்விட்டது. பதினான்கு வருஷமாக அகராதி அலுவலகத்தில் உட்கார்ந்து சொல் எங்கே பிறந்தது, எப்போது இடம் மாறியது, எப்போது செத்தது என்று அட்டை எழுதிக்கொண்டிருக்கிறவளுக்குப் பஸ்ஸில் போனாலும் புத்தி இப்படித்தான் மேயும். பஸ் பாலத்தில் ஏறியது. காவிரியில் அகலமாக மணலும் ஒரு ஓரமாகத் தண்ணீரும். விழித்திருந்தால் ஆம்பல் எழுந்து நின்று கண்ணாடியில் கை வைத்து “ண்ணி” என்பாள். குடிக்கிற தண்ணீரில் தொடங்கிய சொல் அது. பிப்ரவரியில் குளிப்பதற்கு ஆயிற்று, மார்ச்சில் குழாய்க்கு, பிறகு மழை, பிறகு ஈரத்துணி, பிறகு ஆறு, கடைசியாக அழுகை. போன வாரம் அடுத்த வீட்டுக் கைக்குழந்தை அழுதபோது அதன் கன்னத்தைக் காட்டி ண்ணி என்றாள். எண்ணெய் என்ற சொல் எள்ளை விட்டுக் கிளம்பித் தேங்காய்க்கும் கடலைக்கும் போய், கடைசியில் மண்ணெண்ணெய் வரை வந்து சேர எத்தனை நூற்றாண்டு ஆயிற்றோ. தண்மையான நீர்தான் தண்ணீர் என்பதை மறந்து சுடுதண்ணி என்று கூசாமல் சொல்ல ஊருக்கு எத்தனை தலைமுறை ஆயிற்றோ. இவள் ஆறு மாதத்துக்குள் அவ்வளவு தூரம் நடந்துவிட்டாள். இதையெல்லாம் மங்கை அட்டையில் எழுதியிருக்கிறாள், தேதி போட்டு, இடம் போட்டு, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதும் போட்டு. மற்ற தாய்மார்கள் போட்டோ எடுப்பார்கள். இவள் அட்டை எழுதினாள். மணல் முடிந்து தண்ணீர் வந்தது, தண்ணீர் முடிந்து மறுபடி மணல் வந்தது. குழந்தையின் உச்சி வேர்வையில் ஈரமாக இருந்தது. இதுவும் ண்ணிதான்.

“பாப்பா பேரென்னங்க?” பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள். மடியில் ஒரு வாழைத்தார்ப் பை, காலடியில் இன்னொன்று. ஆம்பல் என்று மங்கை சொன்னாள். “என்னது?” ஆம்பல், அல்லி மாதிரி ஒரு பூ. “ஓ. நல்லா அசந்து தூங்குது. எங்க வீட்டுப் பயலும் இதே வயசுதான். ஒரு நிமிசம் கண்ண மூட விடமாட்டான். அம்மா அம்மான்னு உசிர வாங்கிருவான். குளிக்கப் போனாக்கூட கதவுக்கு வெளிய நின்னு அம்மா அம்மா. பேர மாத்திக்கிட்டு ஓடிப்போயிரலாமான்னு இருக்கும்” என்று சொல்லிச் சந்தோஷமாக அலுத்துக்கொண்டாள். மங்கை சிரித்துவைத்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் உள்ளே ஏதோ கழன்று விழுந்தது. அம்மா. உலகத்தில் எத்தனையோ பாஷைகளில் பெற்றவளுக்கு ம தான். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, பால் குடிக்கிற வாய் மூடும், திறக்கும், மூடும்போது ம், திறக்கும்போது ஆ. குழந்தை சும்மா சத்தம் போடுகிறது. பெற்றவள்தான் என்னைத்தான் கூப்பிடுகிறது என்று ஓடிவந்து அந்தச் சத்தத்தைச் சொல்லாக்கிவிடுகிறாள். தனக்குத் தானே பேர் வைத்துக்கொண்ட கூட்டம். ஆம்பலும் எட்டாம் மாதத்தில் ம்மா ம்மா என்று உளறினாள், எல்லாக் குழந்தையையும்போல. அப்போது மங்கை என்ன செய்துகொண்டிருந்தாள்? அட்டையில் எழுதினாள், ‘உதட்டொலி, பொருளற்றது’ என்று. அலுவலகத்தில் முதல் பாடமே அதுதான். கிராமத்துக்குப் போய்ச் சொல் சேகரிக்கும்போது பேசுகிறவர் வாயில் நாம் சொல்லைத் திணிக்கக் கூடாது. இதை இப்படித்தானே சொல்வீர்கள் என்று கேட்டால் பாவம் மரியாதைக்கு ஆமாம் என்றுவிடுவார்கள், அந்த அட்டை கெட்டுப்போன அட்டை. சொல் தானாக வரவேண்டும். அந்தப் பாழாய்ப்போன ஒழுங்கை அவள் வீட்டுக்குள் கொண்டுவந்தாள். அம்மா சொல்லு என்று ஒரு நாள் சொன்னதில்லை. அம்மாகிட்ட வா என்று சொன்னதில்லை, வெறும் வா. ஊரார் எல்லாம் பெண்குழந்தையைக் கொஞ்சுகிற என்னம்மா, வாம்மா, சாப்பிடும்மா, அதைக்கூட நாக்கு நுனியில் பிடித்து நிறுத்தினாள், குழந்தை குழம்பிவிடும், பதிவு கெட்டுவிடும் என்று. முப்பத்தைந்து வயதில் பெற்ற ஒற்றைப் பிள்ளையை எவளாவது இப்படி வளர்ப்பாளா? தானாக வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பக்கத்து சீட்டுக்காரிக்கு வீட்டில் ஒருவன் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறான், அவளுக்கு அது தொந்தரவு. சத்திரம் பஸ் நிலையத்தில் அவள் பைகளோடு இறங்கினாள், “வரேங்க, பாப்பாவ முழிச்சதும் தண்ணி குடிக்க வைங்க” என்று சொல்லிவிட்டு.

சத்திரத்தில் பஸ் கால் மணி நேரம் நிற்கும். போன் அதிர்ந்தது, செல்வமுத்து. தொழிற்சாலையில் டீ இடைவேளை, பின்னால் இரும்பு அடிக்கிற சத்தம். “எங்க இருக்கீங்க?” சத்திரம் என்றாள். “படிவம் எழுதிட்டியா?” இன்னும் இல்லை. “எண்ணிட்டேல்ல?” எண்ணினேன், பதினொன்று. “போன தடவையும் பதினொண்ணுதான மங்க.” புதுசா தலைச்சொல் எதுவும் வரலைங்க, என்றாள். “தலச்சொல்லு வாச்சொல்லு எல்லாம் எனக்குத் தெரியாது. நேத்து சாயங்காலம் என்னையப் பாத்து டாட்டான்னா, செருப்பக் காட்டி டாட்டான்னா, கேட்டு சத்தம் கேட்டதும் டாட்டான்னா. அந்தப் பயிற்சிப் பொண்ணு கேக்குறது புள்ளைக்கு எத்தன சங்கதி சொல்லத் தெரியுதுன்னு. நீ ஒன் ஆபீஸ் கணக்குல பதினொண்ணுன்னு எழுதிக் குடுத்தா அவங்க என்ன நெனப்பாங்க?” பதிப்பாசிரியர் டெய்சி ராணியின் விதி அது, அலுவலகமே அதில்தான் ஓடுகிறது: பொருள் நூறானாலும் அகராதியில் இடம்பிடிக்கிற தலைச்சொல் ஒன்றுதான். வீடு என்றால் ஒரு சொல், அது விடுதலையிலிருந்து குடியிருக்கிற இடம் வரைக்கும் எத்தனை பொருளுக்கு வந்திருந்தாலும் ஒரே சொல். விருந்து ஒரு சொல், புதுமைக்கு இருந்து, புதிதாக வந்தவருக்கு ஆகி, இன்றைக்கு இலையில் விழுகிற சோறாகிவிட்டாலும் ஒன்றுதான். அந்தப் பழக்கத்தில் தன் குழந்தையையும் தலைச்சொல் போட்டு எண்ணி, அது நடந்த நடையையெல்லாம் ஒன்று, ஒன்று என்று சுருட்டி, பதினொன்று என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். எவளாவது செய்வாளா இதை? வேறு வேலையில் இருக்கிறவளுக்கு இந்தத் தப்பைச் செய்யவே தெரியாது. “என்ன பேச்சையே காணோம்? மனசக் கொழப்பிக்காத. எல்லாம் சரியாயிரும்” என்று செல்வமுத்து இறங்கிய குரலில் சொல்லிவிட்டு வைத்தான். அவனுக்குக் குழந்தையிடம் ஒரு பேர் இருக்கிறது. காலையில் செருப்பு மாட்டிக் கையசைத்துப் போகிறவன் என்பதால், கையசைப்பிலிருந்து செருப்புக்கும் செருப்பிலிருந்து அவனுக்குமாக டாட்டா வந்து சேர்ந்துவிட்டது. செருப்பு வழியாகவாவது அப்பனுக்குப் பேர் கிடைத்ததே என்று அன்றைக்கு மங்கைக்குப் பொறாமையில் அழுகை வந்தது.

பஸ் மெயின்கார்டுகேட்டைத் தாண்டிப் பாலக்கரை பக்கம் நகர்ந்தபோது அவள் ஒரு கையால் அட்டைகளைப் புரட்டி மறுபடி எண்ணினாள், இந்தத் தடவை பொருள் பொருளாக. ண்ணி ஏழு. டாட்டா ஐந்து. காக்கா, காகத்துக்கும் கிளிக்கும் ஈக்கும் விமானத்துக்கும் ஒருமுறை காற்றில் பறந்த துணிப்பைக்கும். பிறகு பூ, ஜோ, ம்மு, இல்ல என்று மற்றவை. நாற்பத்தேழு வந்தது. நாற்பத்தேழு, நாற்பத்தேழு என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள். முதல் காலியிடத்துக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது அப்படியே கிடந்தது. அட்டைக்கட்டின் அடியில் இன்னும் ஏழு அட்டை மிச்சம், ஓரத்தில் பொ.வி. என்று எழுதியவை. பொருள் விளங்கவில்லை. அலுவலகத்தில் இப்படிப்பட்ட அட்டைகளுக்கென்றே ஒரு தகரப் பெட்டி இருக்கிறது, விளங்காப்பெட்டி என்று பேர். வருஷத்துக்கு ஒரு நாள் அதைத் திறப்பார்கள். டீ, வடை, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒரு சொல்லுக்கான அட்டைகளைத் தேதிவாரியாக அடுக்கி உரக்கப் படிக்கவேண்டும். ஒற்றை அட்டையைப் படித்து யாரும் பொருள் சொல்லக் கூடாது. “சொல்லையே முறைச்சுப் பாக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் பக்கத்துல என்ன நிக்குதுன்னு பாருங்க” என்பார் டெய்சி ராணி. வரிசையாகப் படித்துக்கொண்டே வரும்போது யாராவது ஒருவர் வடையை வாயில் வைத்தபடி அப்படியே நின்றுபோவார், அவருக்கு விளங்கிவிட்டது என்று அர்த்தம். மங்கை ஏழு அட்டையையும் அடுக்கினாள். ஏழும் ஒரே சொல், த்தா. தா என்பதன் மழலை, கொடு என்று பொருள், அதில் சந்தேகம் இல்லை, ஒன்றரை வயதிலிருந்தே பிஸ்கட்டுக்கும் பொம்மைக்கும் கை நீட்டிச் சொல்கிறாள். இந்த ஏழு இடத்தில் மட்டும் பொருந்தவில்லை. அவள் பஸ் இரைச்சலுக்கு அடியில் வாய்விட்டுப் படித்தாள். மே இரண்டு, சமையலறை, பதிவாளர் அடுப்பருகில், த்தா என்றாள், கரண்டி, வெல்லம் கொடுத்துப் பார்த்தது, வாங்கவில்லை. மே பதினொன்று, பதிவாளர் துணி காயப்போடும்போது, த்தா, கிளிப் கொடுத்தது, கீழே போட்டுவிட்டாள். மே பத்தொன்பது, தெருவில் நாய் குரைத்தது, ஓடிவந்து பதிவாளரின் புடவையைப் பிடித்துக்கொண்டு த்தா. ஜூன் ஆறு, பதிவாளர் அலுவலகத்திலிருந்து திரும்பியதும் வாசலில், கைப்பையை நீட்டியது, தள்ளிவிட்டாள். ஜூன் இருபது, பதிவாளர் குளிக்கையில் கதவுக்கு வெளியே, நான்கு முறை. ஜூலை மூன்று, பதிவாளர் தோளில், தூக்கத்தில், கண் திறக்காமல். ஜூலை பதினான்கு, பதிவாளரின் கல்யாண ஆல்பம், விரல் எதில் பட்டது என்று சரியாகத் தெரியவில்லை.

படித்து முடித்தவள் அப்படியே நின்றுபோனாள். கையில் வடை மட்டும்தான் இல்லை. குளிக்கிற கதவுக்கு வெளியே, நான்கு முறை. வாழைத்தார்ப் பைக்காரி கொஞ்சம் முன்னால் சொன்னது காதில் மறுபடி ஓடியது. ஏழிலும் பதிவாளர், பதிவாளர், பதிவாளர். அட்டை எழுதுகிற தன்னையே யாரோ ஒரு மூன்றாம் மனுஷியைப்போல எழுதிவைத்திருக்கிறாள். கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுக்கிறவள். நீட்டிய கைக்கு அந்தப் பக்கம் எப்போதும் நிற்கிறவள். பழைய தமிழில் தா என்றால் எனக்கோ உனக்கோ மட்டும்தான், அவனுக்கு அவளுக்கு என்றால் கொடு தான், தா என்ற சொல்லுக்குள் மூன்றாவது ஆளுக்கு இடமே இல்லாமல் இருந்தது. குழந்தையின் த்தா, கொடுக்கிற கையிலிருந்து கைக்காரிக்கு வந்துவிட்டிருக்குமோ? செருப்பிலிருந்து அப்பனுக்கு வந்த மாதிரி? சந்தோஷம் முழங்கால் வரை ஏறிக்கொண்டு வந்தது, அதன் பின்னாலேயே பயமும் ஏறியது. ஆசைப்பட்டுப் பொருள் எழுதாதே. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு வட்டாரச் சொல்லுக்கு, கேட்க அழகாக இருக்கிறது என்பதற்காகவே, சிறுதூறல் என்று பொருள் எழுதினாள், அச்சேறியும் விட்டது. கடைசியில் அது மாட்டுக்கு வருகிற வயிற்றுப்போக்கு. ஒரு வருஷம் அலுவலகமே அவளைப் பார்த்துத் தூறலா என்று விசாரித்தது. மாடாவது மன்னிக்கும். இது தன் பிள்ளை. தனக்கு வேண்டும் என்பதற்காக ஆம் என்று எழுதிவிட்டு, நாளைக்கு அது வெறும் தா தான், பிஸ்கட்தான் என்று தெரிந்தால் எந்த முகத்தை வைத்துக்கொள்வாள்? குழந்தைக்கு வேண்டிய வைத்தியம் அல்லவா தள்ளிப்போகும்? பேனாவைத் திறந்து நாற்பத்தேழு என்று எழுதினாள். குலுக்கலில் ஏழின் வால் நீண்டு அடுத்த வரிக்குள் போயிற்று. அந்த வரியில் எதுவும் எழுதாமல் பேனாவை மூடினாள். கண்டோன்மெண்ட் வந்துவிட்டது. ஆம்பல் கண்ணைத் திறந்து, இது எந்த ஊர் என்று யோசிக்கிற முகத்தோடு அவளையே பார்த்தாள்.

பயிற்சி நிலையத்தில் கூட்டம் இல்லை. ஷர்மிளா பானு படிவத்தை வாங்கி நாற்பத்தேழைப் பார்த்து நிமிர்ந்தாள். மங்கை அட்டைக்கட்டை நீட்டி, எப்படி எண்ணினேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள். பாதியிலேயே ஷர்மிளா, “அப்ப போன தடவ எங்கிட்டச் சொன்னது?” என்று கேட்டாள். “அது என் தப்பு. நான் வேலை பாக்குற இடத்துல அப்படித்தான் எண்ணுவோம்.” ஷர்மிளா சிரிக்கவில்லை. அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள், விமானத்துக்குக் காக்கா என்ற அட்டையில் கொஞ்சம் நின்றாள். “கீழ ஒண்ணு எழுதாம விட்டிருக்கீங்களே மேடம்.” மங்கை, “தெரியல” என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்ல மூன்று மாதத்தின் பலமும் வேண்டியிருந்தது. “சரி, பத்து நிமிஷம் வெளிய உக்காருங்க. நான் தனியாப் பாக்குறேன்” என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மங்கை மர பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிர்ச்சுவரில் உதடு, நாக்கு, பல் எல்லாம் வரைந்த படம். மின்விசிறி சுற்றியது. கேள் என்றால் கேட்பதும்தான், உறவும்தான், இரண்டும் ஒரே வேரா என்று அலுவலகத்தில் இன்னும் சண்டை ஓயவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே மணி ஒலித்தது, கட்டைகள் சரிந்தன. பிறகு மெதுவாக, “த்தா.” ஷர்மிளாவின் குரல், “என்ன வேணும், பந்தா? இந்தா.” பந்து தரையில் உருண்டது. “த்தா.” “தண்ணியா? குடி. வேணாமா?” “த்தா. த்தா.” “பிஸ்கட்?” ஏதோ விழுந்தது. குரல் கதவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, கீழே, கைப்பிடிக்கு எட்டாத உயரத்தில், சின்ன உள்ளங்கை மரத்தில் தட்டுகிற சத்தத்தோடு. “த்தா.” அழுகை இல்லை. இருக்கிறாள் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒருத்தியைக் கூப்பிடுகிற குரல். ஷர்மிளா கதவைத் திறந்தாள். “என்ன கேக்குறான்னே தெரியல மேடம், எல்லாத்தையும் குடுத்துப் பாத்துட்டேன்.” மங்கை எழுந்துவிட்டிருந்தாள். “அவ எதையும் கேக்கலைங்க. என்னையக் கூப்பிடுறா” என்றாள். ஆம்பல் வெறுங்கையோடு ஓடிவந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்து இன்னொரு தடவை சொன்னாள், இந்தத் தடவை கூப்பிடுவதற்காக இல்லை, இதுதான் என்று ஷர்மிளாவுக்குக் காட்டுவதற்காக. மங்கை குனிந்து அவளை வாரித் தூக்கினாள். மூன்று வருஷமாக நாக்கு நுனியில் பிடித்து நிறுத்திவைத்திருந்தது தன்பாட்டுக்கு வெளியே வந்தது.

“என்னம்மா,” என்றாள். “இங்கதாம்மா இருக்கேன்.”